ரிஃப்ளெக்ஸாலஜிஸ்ட் ஆக நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

பாதத்தில் அழுத்தம் கொடுக்கும் ரிஃப்ளெக்ஸாலஜிதான் என் தொழில். புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சியும் கொடுக்கிறேன். சேருவதற்கு முன்னால் ஆளுக்கு ஆள் வந்து கேட்பது பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில் வரும், பதில் சொல்லத் தர்மசங்கடமானவை பின்னால் வரும்.

"கால் பிடித்துவிடுவதுதானே? இதற்கு எதற்குத் தனியாக ஒரு படிப்பு?"

கால் பிடித்துவிடும்போது தசை தளர்ந்தால் போதும். ரிஃப்ளெக்ஸாலஜியில் பாதத்தையே உடம்பின் வரைபடமாக எடுத்துக்கொள்கிறோம். விரல்கள் தலைக்கு, விரல்களுக்குக் கீழே உள்ள மெத்தென்ற பகுதி மார்புக்கு, பாதத்தின் உள்விளிம்பு நெடுக முதுகெலும்புக்கு, குதிகால் இடுப்புக்கு என்று பிரித்திருக்கிறார்கள். கல்லீரல் வலது பாதத்தில் வரும். எண்ணெய் தடவி வழித்துத் தேய்ப்பதும் இதில் கிடையாது. நம் கைக் கட்டைவிரலின் முதல் கணுவை மடக்கி நிமிர்த்தி, மடக்கி நிமிர்த்தி, கம்பளிப்பூச்சி ஊர்வதுபோல் நூலளவு நூலளவாக நகர வேண்டும். பார்க்கச் சுலபமாக இருக்கும். அழுத்தம் விட்டுப்போகாமல் ஒரு பாதத்தை முழுவதும் கடக்க என் கைக்குப் பல மாதம் பிடித்தது.

ஒரு பாதத்தில் 26 எலும்புகளும் 33 மூட்டுகளும் இருக்கின்றன. எங்கே அழுத்தலாம், எங்கே அழுத்தவே கூடாது, எந்தக் காலைத் தொடாமலே டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்பதையெல்லாம் தெரிந்துகொள்ளத்தான் படிப்பு.

"இது சீன மருத்துவமா? எகிப்தில் இருந்தது என்றும் சொல்கிறார்களே?"

எகிப்தில் சக்காரா என்ற இடத்தில் அங்க்மஹோர் என்ற அதிகாரியின் கல்லறை இருக்கிறது. நாலாயிரம் வருடத்துக்கும் மேல் பழையது. அதன் சுவரில் ஒருவர் மற்றவரின் பாதத்தையும் கையையும் பிடித்து ஏதோ செய்வதுபோல் ஒரு செதுக்கல். இதை ரிஃப்ளெக்ஸாலஜி என்கிறவர்கள் உண்டு, நகம் திருத்துகிறார்கள் என்கிறவர்களும் உண்டு. அந்தப் படத்தை வைத்துக்கொண்டு "எகிப்தியர் தந்த கலை" என்று அடித்துச் சொல்ல நான் தயாராக இல்லை.

நாம் இன்று படிக்கிற முறைக்குத் தெளிவான வரலாறு உண்டு. அமெரிக்காவில் காது, மூக்கு, தொண்டை மருத்துவராக இருந்த வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்ட் உடம்பை நெடுக்குவாக்கில் பத்து மண்டலங்களாகப் பிரித்து, 1917-இல் எட்வின் பவர்ஸ் என்பவரோடு சேர்ந்து புத்தகம் போட்டார். விரல்களில் ரப்பர் பேண்டும் துணி மாட்டும் கிளிப்பும் போட்டு அழுத்தம் கொடுத்துப் பார்த்தவர் அவர். பிறகு 1930-களில் யூனிஸ் இங்காம் என்ற பிசியோதெரபிஸ்ட் அந்த மண்டலங்களைப் பாதத்துக்குள் கொண்டுவந்து, உறுப்பு உறுப்பாக வரைபடம் போட்டார். 1938-இல் அவர் புத்தகம் வந்தது. நம் கையில் இருக்கும் வரைபடங்களில் பெரும்பாலானவை அவர் வழி வந்தவைதான். அக்குபிரஷர் வேறு. அது சீன மருத்துவத்தின் நாடிப் பாதைகளை வைத்து, உடம்பு முழுவதும் புள்ளி பார்க்கும்.

"நான் நர்ஸும் இல்லை, பிசியோவும் இல்லை. படித்ததே வேறு. சேர முடியுமா?"

தாராளமாக. என்னோடு படித்தவர்களில் கணக்கர் ஒருவர், ஆசிரியை ஒருவர், முப்பது வருடம் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு வந்தவர் ஒருவர். உடற்கூறும் உடலியலும் பாடத்திட்டத்திலேயே இருக்கும், முதலிலிருந்து சொல்லிக்கொடுப்பார்கள். மனப்பாடம் செய்ய நிறைய இருக்கிறது, அதற்குப் பயப்படாமல் உட்கார வேண்டும். நர்சிங் பின்னணி இருந்தால் நோய்களைப் பற்றிய பாடம் சீக்கிரம் ஏறும். கை பழகுவதற்கு எல்லோருக்கும் ஒரே அளவு நாள்தான்.

"ஆன்லைனில் இரண்டே நாளில் சான்றிதழ் தருகிறார்கள். அது போதாதா?"

போதாது. வீட்டில் அம்மாவுக்கோ கணவருக்கோ செய்துவிட அந்த இரண்டு நாள் போதும். அந்நியர் ஒருவர் தன் காலை நம்பி உங்கள் கையில் வைக்கும்போது போதாது. வீடியோ பார்த்து வரைபடத்தைக் கற்றுக்கொள்ளலாம். உங்கள் அழுத்தம் அதிகமா குறைவா என்பதை எந்த வீடியோவும் சொல்லாது. சொல்லித்தருகிறவர் தன் காலை உங்கள் கையில் கொடுத்து, "இங்கே விட்டுப்போகிறது, தோளைத் தளர்த்து" என்று சொல்ல வேண்டும்.

நல்ல படிப்பில் நேரடி வகுப்பு இருக்கும். பாடத்துக்கு வெளியே நிஜ ஆட்களுக்குச் செய்து எழுதிக்கொடுக்கும் கேஸ் ஸ்டடி இருக்கும். கடைசியில் செய்முறைத் தேர்வு இருக்கும். அமெரிக்காவின் சான்றளிப்பு வாரியமான ஏ.ஆர்.சி.பி.யின் தேர்விலும் எழுத்து, பதிவேடு, செய்முறை என்று மூன்று பகுதிகள் உண்டு. பகுதிநேரமாகப் படித்தால் பல மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். சேருமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை மணிநேரம் நேரடி வகுப்பு, எத்தனை கேஸ் ஸ்டடி, தேர்வில் யார் காலில் செய்து காட்ட வேண்டும். மூன்றுக்கும் பளிச்சென்று பதில் வராத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

"லைசென்ஸ் எடுக்க வேண்டுமா, வேண்டாமா? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்."

ஒவ்வொருவர் சொல்வதும் அவரவர் ஊரில் சரியாகவே இருக்கும், ஏனென்றால் இது இடத்துக்கு இடம் மாறுகிறது. பிரிட்டனில் ரிஃப்ளெக்ஸாலஜிஸ்ட் என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை. மருத்துவத்துக்குத் துணையான சிகிச்சைகள் செய்பவர்களுக்காக 2008-இல் அமைந்த சி.என்.எச்.சி. என்ற பதிவேட்டில் விருப்பப்பட்டவர்கள் பதிந்துகொள்ளலாம். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. வாஷிங்டன், நியூ ஹாம்ப்ஷயர் போன்ற மாநிலங்களில் இதற்கென்றே அரசு அனுமதி உண்டு. வேறு சில மாநிலங்கள் மசாஜ் லைசென்ஸுக்குள் இதை அடக்கிவிடுகின்றன. ஆகவே எங்கே தொழில் செய்யப் போகிறீர்களோ, அங்கே உள்ள விதியைச் சேருவதற்கு முன்பே விசாரியுங்கள். படித்து முடித்த பிறகு "இந்தச் சான்றிதழ் இங்கே செல்லாது" என்று கேட்டவர்களை எனக்குத் தெரியும். அது பெரிய வேதனை.

சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்திலும் ஒரு தொழில் சங்கத்தில் சேருங்கள், தொழில் காப்பீடு எடுங்கள்.

"நாள் முழுக்க விரலால் அழுத்தினால் கை என்ன ஆகும்?"

இந்தக் கேள்வியைக் கேட்காமல் சேருகிறவர்களை நினைத்துத்தான் எனக்குக் கவலை. இந்தத் தொழிலை விட்டவர்களில் பலர் வருமானம் இல்லாமல் விடவில்லை, கட்டைவிரல் போனதால் விட்டார்கள். கட்டைவிரல் மணிக்கட்டோடு சேரும் அடிமூட்டு ரொம்ப மென்மையானது. என்னுடைய முதல் வருடத்தில் ஒரு நாளைக்கு ஏழு பேர், எட்டு பேர் என்று எடுத்தேன். நாலாவது மாதம் பாட்டில் மூடியைத் திருக முடியவில்லை. ஆறு வாரம் வேலையை நிறுத்த வேண்டியிருந்தது.

அதன் பிறகு கற்றுக்கொண்டவை: அழுத்தம் விரலிலிருந்து வரக் கூடாது, உடம்பின் எடை முழங்கை வழியாக இறங்கி வர வேண்டும். மற்ற நான்கு விரல்களும் பாதத்தின் மறுபக்கத்தில் தாங்கல் கொடுக்க வேண்டும். கணுவை நேராக நீட்டிக் குத்தவே கூடாது. வந்தவரின் பாதம் உங்கள் நெஞ்சுக்குச் சற்றுக் கீழே இருக்கும்படி நாற்காலி உயரத்தைச் சரிசெய்யுங்கள், குனிந்து செய்தால் முதலில் கழுத்து போகும். இப்போது நாளைக்கு நான்கு பேர், அதிகபட்சம் ஐந்து. ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவில் கால் மணிநேரமாவது இடைவெளி.

"வெளிப்படையாகக் கேட்கிறேன். முன்பின் தெரியாதவர் காலைத் தொட அருவருப்பாக இருக்காதா?"

முதல் வாரம் இருக்கும். அப்புறம் எதிராளியின் கூச்சம்தான் கண்ணில் படும். ஒரு பெண்மணி வந்திருந்தார். நாளெல்லாம் நின்றுகொண்டே பார்க்கிற வேலை. காலுறையைக் கழற்றவே தயங்கினார். குதிகாலில் பித்தவெடிப்பு, பழைய காலாணி. "மன்னிச்சுக்கோங்க" என்று மூன்று முறை சொன்னார். வெதுவெதுப்பான துண்டைச் சுற்றி, இரண்டு கையாலும் பாதத்தை அப்படியே பிடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். ஒரு நிமிடம் கழித்து அந்தப் பாதத்தின் கனம் மெல்ல என் கையில் இறங்கியது. அதுவரை அவர் காலைத் தானாகவே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்தக் கனம் இறங்குகிற நொடிக்காகத்தான் நான் இந்தத் தொழிலில் இருக்கிறேன்.

சுகாதாரம் தனி விஷயம். பாதத்தை முதலில் துடைக்க வேண்டும், ஒருவருக்குப் போட்ட துண்டை இன்னொருவருக்குப் போடக் கூடாது, உங்கள் நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். சேற்றுப்புண்ணோ பாத மருவோ இருந்தால் அந்த இடத்தைத் தவிர்க்கவும். பரவலாக இருந்தால் அன்றைக்குக் கையில் செய்யலாம், உள்ளங்கைக்கும் வரைபடம் இருக்கிறது.

"உண்மையைச் சொல்லுங்கள். இதனால் நோய் குணமாகுமா?"

நோயைக் குணமாக்கும் என்பதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை. 2009-இல் எட்ஸார்ட் எர்ன்ஸ்ட் என்ற ஆய்வாளர், அதுவரை ஆட்களைக் குழுக்களாகப் பிரித்து ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துவிட்டு, எந்த நோய்க்கும் இது பலன் தருவதாக உறுதிப்படவில்லை என்று எழுதினார். பாதத்தின் ஒரு புள்ளியிலிருந்து கல்லீரலுக்கோ சிறுநீரகத்துக்கோ தனியாக ஒரு பாதை ஓடுவதாக உடற்கூறியலிலும் இல்லை. வரைபடங்களே ஒன்றோடொன்று முழுக்க ஒத்துப்போவதில்லை. இதை மறைத்துப் பாடம் நடத்துகிற இடத்தில் சேர வேண்டாம்.

ஆனால் உடம்பு தளர்வதும் மனம் அமைதியாவதும் வருகிறவர்கள் எழுந்து போகும்போது முகத்தில் தெரிகிறது. 2012-இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தினர் முற்றிய மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சையில் இருந்த 385 பெண்களிடம் நடத்திய ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ரிஃப்ளெக்ஸாலஜி பெற்றவர்களுக்கு மூச்சுத்திணறல் குறைந்தது, அன்றாடக் காரியங்களைச் செய்வது சற்று எளிதானது. வலியிலும் குமட்டலிலும் வித்தியாசம் தெரியவில்லை. புற்றுநோய்க்கான சிகிச்சை தனியாக நடந்துகொண்டுதான் இருந்தது. மருத்துவத்துக்குப் பக்கத்தில் நின்று ஆறுதல் தருவதுதான் நம் இடம், மருத்துவத்தின் இடத்தில் நாம் நிற்கக் கூடாது.

"அப்படியானால் காசு வாங்குவது உறுத்தாதா?"

வாக்குக் கொடுத்ததைத் தந்தால் ஏன் உறுத்த வேண்டும்? ஒரு மணிநேரம் முழுக் கவனத்தோடு, பயிற்சி பெற்ற கையால், ஒருவருக்கு ஓய்வு தருகிறோம். அதற்குத்தான் கூலி. சர்க்கரை நோயைத் தீர்க்கிறேன், குழந்தை வரம் தருகிறேன் என்று சொல்லி வாங்கினால்தான் உறுத்தும், உறுத்தவும் வேண்டும்.

"அழுத்தும்போது ஒரு இடம் வலித்தால், அந்த உறுப்பில் கோளாறு என்று சொல்லலாமா?"

கூடவே கூடாது. வலிக்கப் பல காரணம் உண்டு: இறுக்கமான செருப்பு, பழைய சுளுக்கு, நேற்று நடந்த நடை, நீங்கள் கொடுத்த அதிக அழுத்தம். "கிட்னி புள்ளியில் வலிக்குதே" என்று நீங்கள் விளையாட்டாகச் சொன்னால்கூடப் போதும், கேட்டவர் அன்று இரவு தூங்க மாட்டார். நோய் கண்டறிவது டாக்டரின் வேலை. "இந்த இடம் உங்களுக்குக் கூசுகிறது போலிருக்கிறது, அழுத்தத்தைக் குறைக்கிறேன்" என்பதோடு நிறுத்துங்கள், குறிப்பேட்டில் எழுதிவையுங்கள்.

விரலுக்கு அடியில் மணல் நெறுநெறுப்பதுபோல் படும்போது "யூரிக் அமிலப் படிகம், உடைத்துவிடுகிறேன்" என்று சொல்லும் பழக்கமும் நம் தொழிலில் உண்டு. அதற்கும் நிரூபணம் கிடையாது. நெறுநெறுப்பு நிஜம்தான், என் விரலுக்கும் படுகிறது. அந்த விளக்கத்தை மட்டும் நான் சொல்வதில்லை.

"யாருக்கெல்லாம் செய்யக் கூடாது?"

காலின் ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்து ரத்தக்கட்டு இருப்பவர்கள், அப்படிச் சந்தேகம் உள்ளவர்கள், காய்ச்சலில் இருப்பவர்கள், பாதத்தில் எலும்பு முறிவோ திறந்த புண்ணோ பரவலான தோல் தொற்றோ உள்ளவர்கள், யூரிக் அமில வாதத்தால் கால் சிவந்து வீங்கியிருப்பவர்கள் ஆகியோருக்குச் செய்யக் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், நாட்பட்ட சர்க்கரை நோயாளிகள் என்றால் அவர்களின் டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். சர்க்கரை நோயில் பாதம் மரத்துப்போயிருக்கலாம். வலித்தாலும் அவருக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அங்கே அழுத்தம் பாதியாகக் குறைய வேண்டும், தோலைக் கண்ணால் நன்றாகப் பார்க்க வேண்டும்.

ஒருமுறை, நீண்ட பயணம் முடித்துவிட்டு "கால் ஒரே கனம், நல்லா அமுக்கிவிடுங்க" என்று ஒருவர் வந்தார். காலுறையைக் கழற்றியதும் இரண்டு காலையும் சேர்த்துப் பார்த்தேன். இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கியிருந்தது, புறங்கையை வைத்தால் சூடு. கை வைக்க மாட்டேன், இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றேன். அவருக்குக் கோபம்கூட வந்தது. மறுநாள் போன் செய்தார், காலின் உள்ளே ஆழமாக ஓடும் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டு என்று உறுதியாகிவிட்டது. இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதை ஒருநாளும் விட்டுவிடாதீர்கள்.

"கர்ப்பமாக இருப்பவர் கேட்டால்?"

முதல் மூன்று மாதம் நான் எடுப்பதில்லை. அதற்குப் பிறகும், கர்ப்பகாலத்துக்கென்று தனிப் பயிற்சி எடுத்தவர்கள்தான் செய்ய வேண்டும், அவரைப் பார்க்கும் டாக்டருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கர்ப்பத்தில் ரத்தக்கட்டு வரும் வாய்ப்பு கூடும் என்பதால் முன் பதிலில் சொன்ன வீக்கப் பரிசோதனை இங்கே இரட்டிப்பு அவசியம்.

"இதை நம்பிக் குடும்பம் நடத்த முடியுமா?"

முடியும், முதல் வருடத்தில் கடினம். கணக்கைப் போட்டுப் பாருங்கள். கை தாங்குவது நாளைக்கு நான்கைந்து பேர், அதற்கு மேல் உங்கள் வருமானம் ஏறாது. ஒருவருக்கு ஒரு மணிநேரம் என்றாலும் முன்பேச்சு, துண்டு மாற்றுவது, குறிப்பு எழுதுவது எல்லாம் சேர்ந்து ஒன்றரை மணிநேரம் ஓடிவிடும். வாடகை, சலவை, காப்பீடு, வராமல் போனவர்களின் காலியான நேரம் எல்லாவற்றையும் கழித்து மிச்சம் என்ன என்று பாருங்கள்.

என் யோசனை: இப்போதிருக்கும் வேலையை விடாமல் வாரம் இரண்டு மாலை ஆரம்பியுங்கள். புதிதாக வருகிறவர் எண்ணிக்கையை விட, திரும்ப வருகிறவர் எண்ணிக்கையைக் கவனியுங்கள். அது மாதாமாதம் கூடிக்கொண்டு போனால் மூன்றாவது மாலையைச் சேர்க்கலாம். பலர் இதோடு மசாஜோ காது ரிஃப்ளெக்ஸாலஜியோ சேர்த்துக் கற்றுக்கொள்கிறார்கள். முதியோர் இல்லம், ஆயுளின் கடைசிக் கட்டத்தில் இருப்பவர்களைப் பராமரிக்கும் இல்லம் ஆகிய இடங்களிலும் வேலை உண்டு. சம்பளம் குறைவாக இருக்கும், கற்றுக்கொள்வது அதிகமாக இருக்கும்.

"வீட்டிலேயே ஒரு அறையில் ஆரம்பிக்கலாமா? தவறான எண்ணத்தோடு யாராவது வந்துவிட்டால்?"

வீட்டில் ஆரம்பிப்பது நல்லதுதான். தனி வாசல் அல்லது வாசலுக்குப் பக்கத்து அறை, சாய்ந்து படுக்கும் நாற்காலி, கை கழுவ இடம், அவ்வளவு போதும். வீட்டில் தொழில் செய்ய அனுமதி தேவையா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு: புதியவர்களைப் போனில் பேசாமல் எடுக்காதீர்கள். என்ன செய்வோம், முழங்காலுக்கு மேல் தொட மாட்டோம், ஆடை மாற்ற வேண்டியதில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தப்பான எண்ணத்தோடு கூப்பிடுகிறவர்கள் அங்கேயே போனை வைத்துவிடுவார்கள். முதல் சந்திப்பின்போது வீட்டில் இன்னொருவர் இருக்கட்டும். நடுவில் ஒரு வார்த்தை சரியில்லை என்றாலும் நிறுத்திவிட்டு எழுந்துகொள்ளலாம். அதற்கு யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

"விளம்பரத்தில் என்ன எழுதலாம்? முதுகுவலி, மைக்ரேன் என்றெல்லாம் போட்டால்தானே ஆள் வரும்?"

நோய்ப் பெயர்களைப் போட்டால் ஆள் வரும், கூடவே பிரச்சினையும் வரும். பல நாடுகளில் விளம்பர விதிகள் இதைக் கவனிக்கின்றன. பிரிட்டனில் புற்றுநோய்க்குச் சிகிச்சை என்று பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதே 1939-ஆம் வருடச் சட்டப்படி குற்றம். "ஓய்வு, மன இறுக்கம் தளர்தல், உங்களுக்கென்று ஒரு மணிநேரம்" என்று எழுதுங்கள். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் விளம்பரம் பார்த்து வரவில்லை, ஏற்கெனவே வந்தவர் சொல்லி வந்தவர்கள்.

"'உங்ககிட்ட வந்ததிலிருந்து நல்லா இருக்கு, பி.பி. மாத்திரையை நிறுத்திடட்டுமா' என்று கேட்டால்?"

"நிறுத்தாதீர்கள்" என்று முதலில் சொல்லுங்கள், அதற்கு முன்னால் ஒரு வார்த்தையும் வேண்டாம். பாராட்டில் மயங்கி "கொஞ்சம் குறைத்துப் பாருங்களேன்" என்று சொல்லிவிடத் தோன்றும். அது ஒருவரின் உயிரோடு விளையாடுகிற காரியம். நன்றாக உணர்ந்தால் அதை டாக்டரிடம் சொல்லட்டும், அவர் அளந்து பார்த்து முடிவெடுப்பார். இந்தப் பேச்சு நடந்தது என்பதையும் தேதியோடு குறிப்பேட்டில் எழுதுங்கள்.

"பாதி நேரத்தில் அழ ஆரம்பித்துவிட்டால் நான் என்ன செய்வது?"

அடிக்கடி நடக்கும். யாரும் அன்போடு தொட்டு நாளான உடம்பு சில சமயம் இப்படி உடைந்துவிடும். கையை வெடுக்கென்று எடுக்காதீர்கள், பாதத்தை அசையாமல் பிடித்திருங்கள். "தொடரட்டுமா, நிறுத்தட்டுமா" என்று ஒருமுறை மட்டும் கேளுங்கள். காரணம் தோண்ட வேண்டாம், அறிவுரையும் வேண்டாம். உயிரை விட்டுவிடத் தோன்றுகிறது என்ற மாதிரி பேச்சு வந்தால் மட்டும் தனியாக அனுப்பாமல், வீட்டாருக்கோ மனநல உதவிக்கோ அவரை இணைத்துவிட்டுத்தான் விட வேண்டும். நல்ல ஆலோசகர் ஒருவரின் எண்ணை எப்போதும் கையில் வைத்திருங்கள்.

"ஒருவர் மாதக்கணக்கில் வருகிறார், பலனே தெரியவில்லை என்கிறார். ஆனால் வருவதை நிறுத்தவில்லை. நானாகச் சொல்லலாமா?"

சொல்லியே ஆக வேண்டும். எனக்கும் அப்படி ஒருவர் இருந்தார். தூக்கமில்லை என்று வந்தவர், ஐந்து மாதம் வாரந்தவறாமல் வந்தார், நல்ல மனிதர். என் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தால் முதல் வாரம் எழுதியதும் இருபதாவது வாரம் எழுதியதும் ஒன்றாக இருந்தது. அதை அவரிடமே காட்டி, "இதற்கு மேல் உங்கள் காசை வாங்க எனக்கு மனம் வரவில்லை, தூக்கப் பிரச்சினைக்கென்று இருக்கும் டாக்டரைப் பாருங்கள்" என்றேன். தூக்கத்தில் மூச்சு அடைபடும் கோளாறு என்று அங்கே கண்டுபிடித்தார்கள்.

இப்போது அவர் மாதம் ஒருமுறை வருகிறார். காலை நீட்டிச் சாய்ந்ததும் பத்து நிமிடத்தில் குறட்டை விடுகிறார்.